உப்புக்கு ஈடுகொடுக்கும் ரீல்

கடலில் ஃப்ளை முறையில் மீன்பிடிக்கும் தமிழர்கள் இன்னும் சிலரே. அதிலும் மதுரையிலிருந்து போகிறவர்கள் மிகக் குறைவு. பசுமலையிலிருந்து கிளம்பினால் அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி ஒரு பக்கம். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாகப் பாம்பனும் தனுஷ்கோடியும் மறுபக்கம். எந்தப் பக்கம் போனாலும் இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும். விடியலுக்கு முன் கிளம்பி, கரையில் நின்று எறிந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களின் மீன்பிடிப்பு இது.

இவர்களுடைய சாமான்களில் பெரும்பாலும் அதிக விலை பிடிப்பது ரீல். அதைத் தேர்ந்தெடுக்க உதவும் எழுத்து அநேகமாக எல்லாமே ஃபுளோரிடாவையும் பஹாமாஸையும் செஷல்ஸையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே படகுத்துறையிலேயே நல்ல தண்ணீர்க் குழாய் இருக்கும். பழுதானால் அனுப்பிவைக்கத் தொழிற்சாலையோ முகவரோ எட்டும் தூரத்தில் இருப்பார்கள். நமக்கு இரண்டும் இல்லை. கடலின் உப்பு ரீலுக்குள் ஏறிக்கொண்டு நம்மோடு வீடு வந்து சேர்கிறது. வந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே ஒரு ரீலின் ஆயுள் அமைகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதுரைக்காரர் வாங்கவேண்டியது, தன் வீட்டு மேசையில் தன் கையாலேயே பிரித்து, துடைத்து, திரும்ப மாட்டக்கூடிய ரீல். மீனின் ஓட்டத்தைத் தடுக்கும் டிராக் எத்தனை கிலோ தாங்கும், எடை எத்தனை கிராம், எந்த ஊர்த் தயாரிப்பு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏன் என்று விளக்கச் சற்றுச் சுற்றி வரவேண்டும்.

ஃப்ளை என்பது முள்ளில் இறகும் ரோமமும் மின்னும் இழையும் கட்டிச் செய்த பொய் இரை. அதற்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். தனியாக எறிந்தால் காலடியில் விழும். அதனால் தடித்த, எடையுள்ள லைனை வீசுகிறோம். ஃப்ளை அதன் பின்னால் போகிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஸ்பின்னிங் ரீலில் பல்சக்கரம் உண்டு. கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் உள்ளே ஐந்தாறு சுற்று சுற்றிவிடும். ஃப்ளை ரீலில் அந்த வசதி இல்லை. கைப்பிடி ஒரு சுற்று என்றால் லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலும் ஒரு சுற்றுதான். எறியும்போது அதற்கு வேலையே கிடையாது. மீன் மாட்டி, காலடியில் கிடந்த லைனை எல்லாம் உருவிக்கொண்டு ஓடத் தொடங்கும் நொடியில்தான் ரீல் கணக்கில் வருகிறது.

அந்த நொடியில் ரீல் செய்யும் வேலையை நம் கடற்கரையில் கைத்தூண்டில்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விரலால் செய்துவருகிறார்கள். மீன் இழுத்தால் நரம்பை நழுவவிடுவதும், அது தளர்ந்தால் இறுக்குவதும், நரம்பு அறுத்துவிடாமல் விரலில் ரப்பர் துண்டைச் சுற்றிக்கொள்வதும் அவர்களுடைய பழக்கம். எந்த மீனுக்கு எவ்வளவு விடுவது என்பது அந்த விரலுக்குத் தெரியும். ரீலில் உள்ள டிராக், அந்த விரலின் வேலையை உலோகத்திலும் தக்கையிலும் கார்பன் இழையிலும் செய்து பார்க்கும் முயற்சி.

இந்த முறை தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், தென் கனரா மாவட்டத்தில் பணியாற்றிய காலத்தில் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை எழுதினார். முதல் பதிப்பு 1873-இல் மங்களூரில் அச்சானது. மலையாற்றுக் கெண்டையைப் பற்றிய நூல் என்றே அது நினைவுகூரப்படுகிறது. ஆனால் கழிமுகங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியும் தாமஸ் அக்கறையோடு எழுதியிருக்கிறார். நீலகிரியில் ஃப்ளை வேறு வழியில் வேரூன்றியது. ட்ரவுட் மீனைக் கொண்டுவரும் முயற்சிகள் 1860-களிலேயே தொடங்கிவிட்டன. எச்.சி. வில்சனின் உழைப்பால் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. மலை ஓடைகளில் அந்த மீன் நிலைத்தது. தமிழ்நாட்டில் ஃப்ளை என்றதும் ஊட்டிக் குளிரும் ட்ரவுட்டும் நினைவுக்கு வருவது இதனால்தான். அந்த ஓடைகளில் ரீல் வெறும் லைன் சுற்றிவைக்கும் உருளை. உள்ளே டிக்டிக் என்று ஒலிக்கும் ஒரு பல்லும் ஸ்பிரிங்கும் இருந்தால் போதும். அந்த ரீலை எடுத்துக்கொண்டு பாம்பன் கரையில் இறங்கினால், ஐந்து கிலோ பாறை மீன் ஒன்று மாட்டிய முதல் ஓட்டத்திலேயே கைப்பிடி விரல் முட்டியைப் பதம் பார்க்கும். லைன் சிக்கி, அதன் முனையில் கட்டிய மெல்லிய நரம்பு அறும்.

கடலுக்கான ரீல் உருவானது ஃபுளோரிடாவில். 1947-இல் ஜோ புரூக்ஸ் அங்கே போன்ஃபிஷ் என்னும் மீனை ஃப்ளையில் பிடித்துக் காட்டியபின், சிலரின் விநோதப் பழக்கமாக இருந்தது ஒரு துறையாயிற்று. அடுத்த முப்பது ஆண்டுகளில் மயாமி சுற்றுவட்டாரத்து லேத் பட்டறைகளில் ஃபின்-நார், சீமாஸ்டர் போன்ற ரீல்கள் பிறந்தன. எனக்குப் பிடித்த கதை டெட் யுராசிக்கினுடையது. ஹங்கேரியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அச்சுக்கருவி செய்யும் தொழிலாளி. 1970-களில் பில்லி பேட் என்ற புகழ்பெற்ற தூண்டில்காரருக்காக அவர் கடைந்த ரீல் அந்தப் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது. பிறகு திபோர் என்ற தன் இயற்பெயரிலேயே ரீல்கள் செய்தார். அகலமான தக்கைத் தட்டு ஒன்று, அதை அழுத்தும் உலோகத் தட்டு ஒன்று, இறுக்கிக் கொடுக்க ஒரு திருகு: டிராக் என்பது அவ்வளவுதான். எண்பதுகளில் வாங்கிய பில்லி பேட் ரீல்களை இன்றும் கடலில் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நீடித்ததற்குக் காரணம் எளிமை. பிரித்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

இனி நம் கடல். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக 1986 முதல் காக்கப்படுகின்றன. அந்தத் தீவுகளிலும் அவற்றைச் சுற்றிய பவளத்திட்டுகளிலும் தூண்டில் போடக் கூடாது. படகுக்காரர் “ஒண்ணும் ஆகாது சார்” என்று சொன்னாலும் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அந்தத் திட்டுகள்தான் நாம் கரையில் பிடிக்கும் மீனுக்குத் தாய்வீடு. கரையோரம், முகத்துவாரம், பூங்கா எல்லைக்கு வெளியே உள்ள கடல் இவைதான் நமக்கு. பாம்பன் தீவு ஒரு கொடை: தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும்போது வடக்கே பாக் விரிகுடா அமைதியாக இருக்கும், வாடைக்காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். மீனவர்கள் பக்கம் மாறித் தொழில் செய்வதுபோல நாமும் மாறிக்கொள்ளலாம்.

கரையில் நின்று எறிபவருக்குக் கிடைப்பவை சிறிய, நடுத்தரப் பாறை வகைகள், கட்டா, ஊழி, முரல், முகத்துவாரங்களில் கொடுவா. படகில் வெளியே போனால் சீலா, சூரை, பெரிய பாறை, அதிர்ஷ்டம் இருந்தால் கடல்விரால். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலைய மையத்தில் 2010-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் குஞ்சு பொரிக்கவைக்கப்பட்ட மீன் அது. அதன் முரட்டு இழுப்பைக் கையில் உணர்ந்தவர் மறக்கமாட்டார். பெரிய பாறையின் எல்லை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு எண் போதும்: உலகச் சாதனையாகப் பதிவானது 72.8 கிலோ, 2006-இல் ஜப்பானில் பிடிபட்டது. நம் கரையில் அத்தகைய மீனை எதிர்பார்த்து ரீல் வாங்கவேண்டியதில்லை.

ஃப்ளை சாமான்களுக்கு எண் உண்டு. 1961-இல் அமெரிக்கச் சாமான் தயாரிப்பாளர்கள் வகுத்த முறை அது. லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதே அந்த எண்ணின் அடிப்படை. எட்டாம் எண் லைனில் அது ஏறக்குறைய 13.6 கிராம், பத்தாம் எண்ணில் 18.1, பன்னிரண்டில் 24.6. மீனின் அளவை மட்டும் பார்த்தால் தனுஷ்கோடிக் கரைக்கு எட்டாம் எண் போதும். ஆனால் அங்கே காற்று மனிதரைத் தள்ளும். கச்சான் அடிக்கும் மாதங்களில் எட்டாம் எண் லைன் முகத்துக்கே திரும்பி வரும். ஆகவே ஒரே ஒரு ரீல்தான் வாங்க முடியும் என்பவருக்கு ஒன்பதோ பத்தோ சரி. பத்தாம் எண் கரையில் சற்றுக் கூடுதல், படகில் சற்றுக் குறைவு, இரண்டையும் சமாளிக்கும். பன்னிரண்டு, அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ போகிறவர்களுக்கு.

இப்போது டிராக். விளம்பரங்களில் 9 கிலோ, 12 கிலோ, அதற்கு மேலும் இழுத்துப் பிடிக்கும் என்று எண்கள் வருகின்றன. இந்த எண்களுக்கு மயங்கி வீணாகச் செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. 1939-இல் தொடங்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் ஃப்ளை சாதனைகளுக்கு ஏற்கும் நரம்பின் உச்ச வரம்பு 20 பவுண்டு, ஏறக்குறைய 9 கிலோ. சாதனை நோக்கம் இல்லாதவர்களும் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே கட்டுகிறார்கள். 9 கிலோவில் அறும் நரம்புக்கு டிராக்கை அதன் கால் பங்கில், அதாவது இரண்டு, இரண்டேகால் கிலோவில் வைப்பதே வழக்கம். மேலும் இறுக்கவேண்டுமானால் உள்ளங்கையை ஸ்பூலின் விளிம்பில் வைத்து அழுத்தலாம். வேண்டாதபோது சட்டென்று எடுத்துவிடலாம். 1982-இல் பில்லி பேட் 188 பவுண்டு, அதாவது 85 கிலோ டார்பன் மீனை, 16 பவுண்டில் அறும் நரம்பில் பிடித்தார். அந்தச் சாதனை இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. ஏழேகால் கிலோவில் அறக்கூடிய நரம்பில் எவராலும் 12 கிலோ இழுப்பு வைக்க முடியாது. டிராக்கின் உச்ச பலம் அந்தப் போராட்டத்தில் ஒரு பொருட்டே அல்ல.

பொருட்டாவது, டிராக் எப்படித் தொடங்குகிறது என்பது. பீரோவை நகர்த்தியவர்களுக்குத் தெரியும்: அசையும்வரைதான் பாடு, அசைந்துவிட்டால் எளிது. டிராக் தட்டுகளும் அப்படித்தான். நின்ற நிலையிலிருந்து அசைய அதிக விசை கேட்கும் ரீல், மீன் திடீரெனப் பாயும் கணத்தில் நரம்பை அறுத்துவிடும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், நாமே சோதிக்கலாம். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். லைனின் முனையைக் கொக்கியில் கட்டி, டிராக்கை இரண்டு கிலோவுக்கு வைத்து, நிதானமாக இழுக்கவேண்டும். ஸ்பூல் அசையும் கணத்தில் தராசு காட்டும் எண்ணையும், சுற்றத் தொடங்கியபின் காட்டும் எண்ணையும் பார்க்கவேண்டும். நல்ல ரீலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இரண்டுக்குப் பதில் மூன்றைத் தொட்டுவிட்டு இறங்கினால் அந்த ரீல் வேண்டாம். ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருந்து இதே சோதனையைத் திரும்பச் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். டிராக் தருவது திருப்பு விசை. லைனில் உணரப்படும் இழுப்பு, அந்த விசையை ஸ்பூலின் அப்போதைய ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. லைன் வெளியே போகப் போக ஆரம் குறையும், இழுப்பு கூடும். பழைய மாதிரி ஒல்லியான ஸ்பூலில் ஆரம் 4 செ.மீ.-இலிருந்து 2 செ.மீ. ஆனால், தொடாமலேயே இரண்டு கிலோ நான்காகிவிடும். நடு உருளை பெரிதாக உள்ள இன்றைய ரீலில் 5-இலிருந்து 4 ஆகக் குறைந்தால் இரண்டு கிலோ இரண்டரைதான் ஆகும். இதோடு, 30 மீட்டர் தடித்த லைனும் அதன் பின்னால் நூறு நூற்றைம்பது மீட்டர் பேக்கிங் நூலும் தண்ணீரில் வளைந்து இழுபடும் எதிர்ப்பும் சேரும். ஆகவே மீன் வெகுதூரம் ஓடிவிட்டால் டிராக்கைத் தளர்த்தவேண்டும். பதற்றத்தில் கை தானாக இறுக்கத்தான் போகும். அந்தக் கையை அடக்கப் பழகவேண்டும். நடு உருளை பெரிய ரீலை நான் வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

வேகம் இரண்டாவது காரணம். விட்டம் 10 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 31 செ.மீ. லைன் ஏறும்; 6 செ.மீ. என்றால் 19 தான். நூறு மீட்டரை மீட்க முதலாவதற்கு ஏறக்குறைய 320 சுற்று, மற்றதற்கு 530. கட்டா மீன் திரும்பி நம்மை நோக்கியே பாய்ந்து வரும் பழக்கமுள்ளது. அப்போது அந்த 200 சுற்றுகள்தான் மீன் நமதா கடலினுடையதா என்று தீர்மானிக்கும்.

பேக்கிங் பற்றி அதிகம் யோசிக்கவேண்டியதில்லை. பத்தாம் எண் ரீலில் 200 மீட்டர் இருந்தால் நம் கடலுக்குத் தாராளம். டேக்ரான் நூல் தடிப்பானது; அதே பலமுள்ள பின்னல் நூல், அதாவது பிரெய்டு, கிட்டத்தட்ட பாதி இடத்தில் அடங்கிவிடும். தூத்துக்குடிக் கடைகளில் ஸ்பின்னிங் ரீலுக்காக விற்கும் 50 பவுண்டு பிரெய்டே போதும். அதைவிட மெல்லியது வேண்டாம். இழுப்பில் உள் அடுக்குகளுக்குள் புதைந்து சிக்கும், விரலையும் அறுக்கும். முதன்முறை சுற்றும்போது ஈரத்துணியில் பிடித்து நல்ல இறுக்கமாகச் சுற்றவேண்டும்.

இனி உப்பு. இங்கேதான் மதுரைக்காரரின் கணக்கு ஃபுளோரிடாக்காரரின் கணக்கிலிருந்து பிரிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் காய்ந்து மணியாகும். ராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் விடியற்காலைக் காற்று அந்த எல்லையை எளிதாகத் தாண்டும். மதுரையின் கோடை நண்பகலில் அதில் பாதிகூட இருக்காது. கடற்கரையிலேயே வைத்திருக்கும் ரீலுக்குள் உப்பு பெரும்பாலும் கரைசலாக இருக்கும். பசுமலைக்கு வரும் ரீலுக்குள் அது காய்ந்து, கூர்மையான மணிகளாகி, பேரிங்கின் குண்டுகளுக்கிடையிலும் டிராக் தட்டுகளுக்கிடையிலும் உட்காருகிறது. அடுத்த பயணத்தில் திரும்பக் கரைகிறது, திரும்பி வந்ததும் மறுபடி காய்கிறது. ஐப்பசி அடைமழையில் அலமாரிக்குள்ளேயே ஈரம் ஏறி, எடுக்காத ரீலும் உள்ளுக்குள் அரிக்கும். சில மாதம் தொடாமல் வைத்திருந்த ரீல் கரகரவென்று சுற்றுவதற்கு இதுவே காரணம். கடலில் இருந்த சில மணி நேரத்தைவிட வீட்டில் இருந்த வாரங்களே அதைக் கெடுக்கின்றன.

அந்த உப்பு எதை அரிக்கும் என்று பார்த்தால் உலோகத் தேர்வு விளங்கும். நல்ல ரீல்களின் உடல் 6061-டி6 என்னும் அலுமினியக் கலவையின் முழுக் கம்பியிலிருந்து கடைந்து செய்யப்படுகிறது. மலிவானவை அச்சில் வார்க்கப்பட்டவை. வார்ப்பில் நுண்துளைகள் இருக்கும், பாறையில் விழுந்தால் வளைவதற்குப் பதில் உடையும். அலுமினியத்தின் மேலே அனோடைசிங் என்னும் ஆக்சைடு படலம் ஏற்றுவார்கள். கடினவகை அனோடைசிங் கீறலையும் உப்பையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அலுமினியத்தோடு துருப்பிடிக்காத எஃகு சேரும் இடமெல்லாம் ஆபத்து: நடுவே உப்புநீர் புகுந்தால் இரண்டும் மின்கலம்போல வேலை செய்து அலுமினியம் கரையும். கீறல் விழுந்த இடத்திலும் திருகு இறங்கும் துளையிலும் வெள்ளைப் பொடி பூப்பது அதன் அடையாளம். திருகுகளுக்கு வருடம் ஒருமுறையாவது கிரீஸ் தடவி மாட்டவேண்டும். இல்லாவிட்டால் கழற்றவே வராது. எஃகிலும் தரம் உண்டு. 304 வகையைவிட மாலிப்டினம் கலந்த 316 வகை உப்பை அதிகம் தாங்கும். பேரிங்குகள் துருப்பிடிக்காத வகைதானா என்று கேட்டு வாங்கவேண்டும்; சாதாரணக் குரோம் எஃகு பேரிங் இரண்டு பயணம்கூடத் தாங்காது.

ரீல் உலகின் பெரிய வழக்கு, மூடிய டிராக்கா திறந்த டிராக்கா என்பது. ஹேட்ச், நாட்டிலஸ், லாம்சன், ஸ்வீடனின் டேனியல்சன் முதலியவை டிராக்கை ரப்பர் வளையங்களால் அடைத்து வைக்கின்றன. திபோர், தென்னாப்பிரிக்காவின் ஷில்டன் போன்றவை தக்கை டிராக்கைத் திறந்தே வைத்திருக்கின்றன. மூடிய டிராக்குக்குப் பராமரிப்பு வேண்டாம் என்கிறது விளம்பரம். பெரும்பாலும் உண்மைதான், வளையம் நன்றாக இருக்கும்வரை. தனுஷ்கோடி மணலில் வெயிலில் சூடான ரீலைச் சட்டென்று கடலில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். வெளியே இருக்கும் நீரை வளையத்தின் இடுக்கு வழியாக உறிஞ்சும். வளையத்துக்கும் வயதாகும். உள்ளே புகுந்த உப்புநீர் வெளியேற வழியில்லை, நமக்குப் பார்க்கவும் வழியில்லை. கெட்டது தெரியும்போது டிராக் முழுவதும் போயிருக்கும். அதைத் திறக்கக் கூடாது, தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும் என்று நிபந்தனை போடும் நிறுவனங்களும் உண்டு. மதுரையிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு ரீலை அனுப்பி, பழுது பார்த்து, திரும்பி வரும்போது சுங்கத்தில் விளக்கம் சொல்லி எடுப்பது ஒரு பருவத்தையே விழுங்கிவிடும்.

திறந்த தக்கை டிராக்குக்கு வேலை அதிகம். பயணத்துக்குப் பின் கழுவவேண்டும், தக்கையில் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணெயை அளவாகப் பூசவேண்டும், பயன்படுத்தாதபோது திருகைத் தளர்த்தி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் தக்கை அமுங்கிக் கெட்டியாகிவிடும். ஆனால் எது நடந்தாலும் கண்ணெதிரே நடக்கிறது. மணல் புகுந்தால் படகிலேயே கழற்றி அலசி மாட்டலாம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது: டிராக் முழுவதும் ஒரு தனி டப்பாவாக இருந்து, கழற்றி இன்னொன்றை மாட்டக்கூடியது. மூடிய வகைதான் வேண்டும் என்பவர்கள் இதைத் தேடவேண்டும், வாங்கும்போதே உபரி டப்பா ஒன்றும் சேர்த்து வாங்கவேண்டும். என் ஓட்டு திறந்த வகைக்கு. பராமரிக்க நேரம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லக்கூடியவருக்கு மட்டும் டப்பா வகை.

கழுவுவதில் நம் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது. மதுரையின் பல பகுதிகளில் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் கழுவினால் கடலுப்பு போய் வேறு உப்பு படியும். குடிக்கும் நல்ல தண்ணீரில்தான் கழுவவேண்டும். ஒரு வாளி போதும்: டிராக்கை இறுக்கி மூடிவிட்டு வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு ஸ்பூலைக் கழற்றி, உடலையும் ஸ்பூலையும் தனித்தனியாக அலசவேண்டும். குழாயைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. அது உப்பை உள்ளேதான் தள்ளும். முக்கியமாக, வீட்டுக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. மூன்று மணி நேரப் பயணத்தில் கார் சூட்டில் உப்பு காய்ந்துவிடும். கேனில் இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோய்க் கரையிலேயே ஒரு முதல் அலசல் அலசிவிடவேண்டும். லைனையும் பேக்கிங்கையும் வீட்டில் உருவி அலசி, நிழலில் காயவிட்டுச் சுற்றினால் ரீலின் உட்புறம் தப்பும்.

எந்தக் கையால் சுற்றுவது என்ற கேள்விக்கு நீண்ட விவாதம் வேண்டாம். வலக்கையால் எறிபவர் இடக்கையால் சுற்றினால் ராடைக் கை மாற்றவேண்டியதில்லை. ஸ்பின்னிங் ரீலில் பழகியவர்களுக்கு அதுவே இயல்பும்.

விலை. அமெரிக்காவில் கடைந்து செய்த உயர்தர ரீல்கள் 700 முதல் 1,000 டாலரும் அதற்கு மேலும் ஆகும். சுங்க வரி தனி. 150 டாலர் அளவில் வார்ப்பு உடலோடு நல்ல டிராக் உள்ளவை கிடைக்கின்றன. ஆண்டுக்கு நாலைந்து பயணம் போகிறவருக்கு அவை போதும் என்பேன். சீனப் பட்டறைகளில் கடைந்து பல பெயர்களில் வரும் ரீல்களில் உடல் வேலைப்பாடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. பலவீனம் பேரிங்கிலும் டிராக் தட்டிலும். பேரிங்கின் எண்ணைப் பார்த்து, அதே அளவில் துருப்பிடிக்காத வகையை வாங்கி மாற்றிவிட்டால் பாதிக் குறை தீரும். மெட்ரிக் அளவு பேரிங் என்றால் உள்ளூரிலேயே கிடைக்க வாய்ப்புண்டு. அங்குல அளவு என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். வாங்குமுன் இதைக் கேட்பவர் யாருமில்லை, கேட்கவேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று இது.

கோயம்புத்தூரை நினைக்காமல் இந்தப் பேச்சை முடிக்க முடியவில்லை. மோட்டாரும் பம்பும் நெசவு எந்திரமும் செய்யும் ஊர். 6061 கம்பியை நுணுக்கமாகக் கடையும் எந்திரமும், அனோடைசிங் தொட்டியும், கை தேர்ந்த தொழிலாளர்களும் அங்கே இருக்கிறார்கள். யுராசிக் கையில் வைத்திருந்ததைவிடத் துல்லியமான கருவிகள் இன்று அவர்களிடம் உண்டு. தக்கைத் தட்டு டிராக் உள்ள ஒரு பத்தாம் எண் ரீலை அங்கே செய்ய முடியாது என்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. வாங்குகிறவர் எண்ணிக்கைதான் குறைவு. நாலைந்து ஊர்த் தூண்டில்காரர்கள் சேர்ந்து இருபது ரீலுக்கு ஒரே ஆர்டர் கொடுத்தால் ஒரு பட்டறை முன்வரக்கூடும். உதிரிபாகம் பஸ்ஸில் வந்து சேரும் தூரத்தில் ஒரு ரீல் இருப்பது, நம்மைப் போன்றவர்களுக்கு எந்த அமெரிக்கப் பெயரையும்விட மதிப்பானது.

அதுவரை வெளிநாட்டிலிருந்துதான் வாங்கவேண்டும். வாங்குமுன் தயாரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: டிராக்கை நானே திறக்கலாமா, திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா, உதிரிகளை இந்தியாவுக்கு அனுப்புவீர்களா? சரி என்று பதில் வந்தால் ரீலோடு சேர்த்தே ரப்பர் வளையங்கள் ஒரு தொகுதி, பேரிங் ஒரு ஜோடி, டிராக் தட்டு ஒன்று, ஸ்பூலைப் பிடிக்கும் திருகு ஒன்று, கிளிக் ஸ்பிரிங் ஒன்று ஆர்டர் செய்துவிடவேண்டும். பிறகு தனியாக வரவழைத்தால் பொருளைவிட அனுப்பும் செலவு அதிகமாகிவிடும். பார்சல் வந்த அன்றே, கடலுக்குப் போகுமுன், ஒரு வெள்ளைத் துணியை விரித்து ரீலை ஒருமுறை முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு மாட்டிப் பாருங்கள்.